பள்ளத்தில் வண்டி இல்லை

பள்ளத்தில் வண்டி இல்லையென்றால் ஆளும் இல்லை.

அந்தக் கல்குவாரியில் இதை யாரும் எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதிகள் வேறு இருந்தன. அலுவலகச் சுவரில், சிவப்புப் பெயின்டில், வெயிலில் வெளுத்துப்போய். அவற்றை யாரும் நின்று படித்ததில்லை. எழுதாத இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

குவாரி என்பது பூமிக்குள் இறங்கும் ராட்சதப் படிக்கட்டு. மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு. நடந்து இறங்கினால் வேலை செய்யத் தெம்பு இருக்காது. நடந்து ஏறினால் வீட்டுக்குப் போகத் தெம்பு இருக்காது. ஆகவே ஆளுக்கொரு குட்டி வண்டி.

குட்டி என்றால் நிஜமாகவே குட்டி. நூற்றுப்பத்து சி.சி. எஞ்சின். முழங்கால் உயரத்தில் சீட். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் அளவுக்குச் சக்கரம், அதில் பட்டன் பட்டனாக ரப்பர் துருத்திய டயர். ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, கண்ணாடி கிடையாது. ரேஸ் மைதானங்களில் பெரிய வண்டிகளுக்குப் பெட்ரோலும் ஸ்பேனரும் கொண்டுபோய்க் கொடுக்க உண்டாக்கிய எடுபிடி வண்டி. பிட் பைக் என்பார்கள். குவாரிக்காரர்கள் யாரோ கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து, பின்னால் பெரிய பல்சக்கரத்தை மாட்டினார்கள். வேகம் போயிற்று. இழுவை வந்தது. முதல் கியரில் போட்டால் சுவரில் சாத்தின ஏணியைக்கூட ஏறுமோ என்று சந்தேகம் வரும்.

வழியில் கல் மறித்தால் முன்சக்கரத்தை ஒரு தூக்கு, பின்சக்கரத்தை ஒரு தூக்கு. தாண்டியாயிற்று. விழுந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. விழுந்தவருக்கும் மானத்தைத் தவிர வேறெதுவும் போகாது.

மேலே விளிம்பில் ஒரு தகரக் கொட்டகை. ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே ஓர் இடம். ஒருவர் வண்டியை இன்னொருவர் எடுப்பதில்லை. ஹாண்டில்பாரை வளைத்து, பிரேக்கை நிமிர்த்தி, சீட்டுக்கு அடியில் பஞ்சை வைத்து, அவரவர் உடம்புக்குத் தைத்த சட்டை மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட மாற்றிக்கொள்வார்களோ என்னவோ, வண்டியை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

வெடி வைக்கும் நாளில் அந்தக் கொட்டகைதான் கணக்கு. எல்லா வண்டியும் வந்துவிட்டதா? எல்லா ஆளும் வந்தாயிற்று.

அந்தக் கணக்கைப் பார்க்கிறவளுக்கு ரவுண்டு என்று பட்டப்பெயர். ஆள் என்னவோ ஒட்டடைக் குச்சி. வெடிக்கு முன்னால் மூன்று தட்டையும் வண்டியில் ஒரு ரவுண்டு அடித்து, இருப்பவர்களை மேலே விரட்டுவது அவள் வேலை. கடைசியில் தானும் ஏறி, கொட்டகையை ஒரு பார்வை பார்த்து, விளிம்பில் நின்று பச்சைக் கொடியை ஆட்டுவாள். நடுத்தட்டில் காத்திருக்கும் வெடிக்காரர் திரியில் நெருப்பு வைத்துவிட்டுத் தன் வண்டியில் மேலே வந்துவிடுவார்.

அவள் புருஷனுக்குப் பெயர் பம்பு. கீழ்த்தட்டின் அடிமூலையில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பெரிய பம்புக்கு அவன்தான் காவல், வைத்தியம், எல்லாம். பீரோ மாதிரி உடம்பு. அந்த உடம்பைக் குட்டி வண்டியில் பார்க்கும்போது பழகினவர்களுக்கே சிரிப்பு வரும்.

புது மேனேஜருக்கு வராமல் இருக்குமா?

அன்று காலை தன் நானூறு சி.சி. வண்டியைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினார். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காவல் கம்பி, கிளிப்பச்சையில் ஸ்டிக்கர். மலை, பாலைவனம், எதுவானாலும் ஏறிப் பார்க்கிற ரகம்.

"இது என்னங்க, சர்க்கஸ்ல கரடி ஓட்டுற வண்டி மாதிரி இருக்கு?"

"கரடி நான்தான் சார்" என்றான் பம்பு. "சர்க்கஸ்தான் இல்ல."

"நிஜமா கேக்குறேன். நூத்திப்பத்து சி.சி. உங்களை இழுக்குமா?"

"என்னை இழுத்துக்கிட்டுத் திரியறது ரெண்டு பேர் சார். ஒண்ணு இந்த வண்டி." பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இன்னொண்ணு யாருன்னு சொன்னா ராத்திரி சோறு கிடைக்காது."

"சொல்லலைன்னாலும் கிடைக்காது" என்றாள் ரவுண்டு. "நேத்து ஹெல்மெட்டை எங்க வச்சீங்க? தேடித் தேடி ஓய்ஞ்சேன்."

மேனேஜர் நல்ல மனிதர். சிரித்தார். பம்பு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று தெரிய வேண்டும் என்றார். "நீங்க முன்னால போங்க. நான் நம்ம வண்டியிலயே வர்றேன்."

ரவுண்டு அலுவலக வேலையை முடித்துக் கொடியை எடுத்துவரப் போய்விட்டாள். அவர்கள் இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

முதல் சைரன் ஊதியது.

அவள் கொட்டகைக்கு வந்தபோது பாதி வண்டிகள் ஏறிவிட்டிருந்தன. மூன்றாவது இடத்தில் சிவப்பு டேங்க், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி மேலே வளைத்த ஹாண்டில்பார். பம்பின் வண்டி.

'இன்னிக்கு என்ன அதிசயம்? விரட்டாமலே வந்துட்டாரே' என்று நினைத்துக்கொண்டாள். டீக்குப் போயிருப்பான். கிக்கரை உதைத்து இறங்கினாள்.

மேல்தட்டில் துளை போடுகிற இருவரை ஏற்றி அனுப்பினாள். நடுத்தட்டில் வெடிக்காரர் ஒவ்வொரு குழியின் திரியையும் வெளியே இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெடிக்கப்போவது அந்தத் தட்டின் முகப்பு, கீழ்த்தட்டைப் பார்த்து நிற்கும் பாறைச் சுவர். உடைந்து சரியும் கல் முழுதும் கீழ்த்தட்டில்தான் போய் விழும்.

"சீக்கிரம் கொடியைக் காட்டு தங்கச்சி. பசிக்குது."

"உங்களுக்கு எப்பதான் பசிக்கலை?"

கீழ்த்தட்டின் வளைவில் நின்று எட்டிப் பார்த்தாள். லோடர்காரர் ஏறிவிட்டார். தூரத்து மூலையில் பம்பு இரைந்துகொண்டிருந்தது. அது எப்போதும் இரையும். வெடிக்காக அதை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி தண்ணீர் பிடிக்கவைப்பதற்குள் பாதிநாள் போய்விடும். அதன் பக்கத்தில், கல்மாவுச் சேற்றில், மேனேஜரின் நானூறு சி.சி. பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. குளத்தில் இறங்கின எருமை தோற்றது.

வாய்விட்டுச் சிரித்தாள். மேனேஜரைச் சற்றுமுன் மேலே அலுவலக வாசலில் பார்த்திருந்தாள். ஆள் மேலே, வண்டி கீழே. பெரிய வண்டி அவள் கணக்கில் சேர்த்தியில்லை.

மனிதர் எதில் ஏறி மேலே வந்தார் என்று மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

பம்புக் கொட்டகை வரை போவது வழக்கம். தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அந்த இரைச்சலில் அவனுக்குக் காது கேட்கும். இன்று அவசியம் இல்லை. அவன் வண்டிதான் மேலே நிற்கிறதே.

வண்டியைத் திருப்பினாள்.

மேலே கொட்டகையில் ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். வெடிக்காரருடையது மட்டும் பாக்கி. இரண்டாவது சைரன் ஊதியது. விளிம்புக்குப் போய்ப் பச்சைக் கொடியை ஆட்டினாள். கீழே வெடிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வண்டியின் சத்தம் லாரிப்பாதையில் ஏறத் தொடங்கியது.

மேனேஜர் கையில் டீயோடு வந்தார். பேன்ட் இடுப்பு வரை சேறு.

"என்ன சார், உங்க எருமை இன்னும் குளிச்சு முடிக்கலையா?"

"கேக்காதீங்க. சேத்துல முன்சக்கரம் இறங்கிடுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து நிமிர்த்திப் பார்த்தோம், அசையலை. அப்புறம் உங்க வீட்டுக்காரர்தான் 'என் வண்டியை எடுத்துக்கிட்டு மேல போங்க சார், டிராக்டரை அனுப்புங்க'ன்னார். அம்மாடி, என்ன வண்டிங்க அது! காலையில கிண்டல் பண்ணினேனே, வாயைக் கழுவணும். கிளட்ச்சே பிடிக்க வேணாம். அந்தச் சரிவுல நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், அது பாட்டுக்கு ஏறுது. ஒரு இடத்துல சாஞ்சுட்டேன், ஒரு காலை ஊனினேன், அவ்வளவுதான், நின்னுடுச்சு. என் வண்டியா இருந்தா என் கால் ஒடிஞ்சிருக்கும். இப்பேர்ப்பட்ட..."

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அவர் எங்க?"

"யாரு?"

"என் வீட்டுக்காரர் எங்க சார்?"

"உங்ககூட வரலையா? நீங்கதானே எல்லாரையும் கூட்டிட்டு வருவீங்கன்னு..." பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "டிராக்டர்காரர் வெடி முடிஞ்சு போறேன்னார். நான் சரின்னுட்டேன்."

வெடிக்காரர் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி இறங்கினார். "பத்தியாச்சு. டீ இருக்கா?"

ரவுண்டு தன் வண்டியை வெளியே இழுத்தாள். ஒரு உதை. எஞ்சின் பிடித்தது.

"எங்க போறே?"

"அவர் கீழ இருக்காரு."

"வண்டி இங்கதானே..." வெடிக்காரருக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. ஆனாலும் அவர் கை தானாக அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டது. திரி பற்றினபின் யாரையும் இறங்க விடக்கூடாது. இத்தனை வருஷத்துப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது.

"எவ்வளவு நேரம் இருக்கு அண்ணே?"

"ஒரு டீயை ஆத்திக் குடிக்கிற நேரம். எல்லாக் குழிக்கும் ஒரே திரி இல்லம்மா, தனித்தனியாப் பத்தியாச்சு. போய் அணைக்கவும் முடியாது."

"கையை எடுங்க."

எடுத்தார். அதற்குள் மேனேஜர் லாரிப்பாதையில் ஓட ஆரம்பித்திருந்தார். வெடிக்காரர் பாய்ந்துபோய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பாதை திரிக்குப் பக்கத்துல போகுது சார்! அவங்க ரெண்டு பேர் போதாதா, மூணாவதா நீங்க வேறயா?"

ரவுண்டு அந்தப் பாதைப் பக்கமே போகவில்லை. எதிர்ச்சுவரில் ஒரு பழைய பாதை உண்டு. முன்பு லாரி போன தடம். மழை அதைக் கழுவிக் கழுவி நடுவே ஒரு பிளவாக்கிவிட்டது. லாரி போகாது, ஜீப் போகாது, புத்தி உள்ள எவரும் போக மாட்டார்கள்.

இரண்டாவது கியர். பின்பிரேக்கை லேசாக மிதித்து, உடம்பைப் பின்சக்கரத்துக்கு மேல் தள்ளி, பிளவின் ஓரத்தை ஒட்டி இறக்கினாள். முன்பிரேக்கைத் தொட்டால் கவிழும். அதனால் விரலைக்கூட அங்கே வைக்கவில்லை. சக்கரம் கல்லில் மோதி எகிறியது. சின்னச் சக்கரத்தின் தொல்லை அது. ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எண்ணலாம். பாதி வழியில் சரளை வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முட்டியில் தோல் பிய்ந்தது. எழுந்து, வண்டியைக் காதைப் பிடித்துப் பிள்ளையை எழுப்புவது போல ஹாண்டில்பாரைப் பிடித்து நிமிர்த்தினாள். எஞ்சின் நின்றிருந்தது.

உதை. பிடிக்கவில்லை.

உதை. பிடித்தது.

கீழ்த்தட்டு. சமதரை. மூன்றாவது கியர், நான்காவது. எஞ்சின் தையல் மெஷின் மாதிரிக் கத்தியது. வேகத்துக்காகச் செய்த வண்டியல்ல. ஆனாலும் ஓடுகிற காலைவிட வேகம்.

பம்புக் கொட்டகைக்குள் அவன் இல்லை. கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சுவிட்சை அறைந்தாள். பம்பு விம்மி, இருமி, ஓய்ந்தது.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கையில் பலகை, உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் கோபம்.

"யாரு பம்பை நிறுத்தினது? ஏய், உனக்கு என்ன பைத்தியமா? மறுபடி தண்ணி பிடிக்கவைக்க நீயா வருவே?"

"வெடி வச்சாச்சு! ஏறுங்க!"

"என்ன உளர்றே, சைரனே..." நிறுத்தினான். இரைச்சல் அடங்கிய பள்ளத்தில், மேலே விடாமல் ஊதிக்கொண்டிருந்த சைரன் இப்போதுதான் அவன் காதில் விழுந்தது. பலகையைப் போட்டான். "சாரோட வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில..."

"வண்டி நாசமாப் போகட்டும். ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

ஏறினான். ஒற்றை ஆள் சீட்டில் இருவர். பின் ஷாக் அப்சார்பர் அடிவரை நசுங்கி முனகியது. ஆனாலும் வண்டி நகர்ந்தது. சமதரையில் நாலு கியரும் மாறியது. வலது பக்கம் தலைக்கு மேலே முகப்பு. அதன் உச்சியில் சின்னச் சின்னதாகப் புகை. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பழைய பாதையின் வாய்க்கு வந்தார்கள். முதல் கியர். ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள்.

முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது.

இருவரும் பின்பக்கமாக உருண்டார்கள். வண்டி அவர்கள் மேலேயே சாய்ந்து, பின்சக்கரம் சும்மா சுற்றியது. மறுபடி ஏறினாள், மறுபடி அதேதான். பின்னால் பீரோ, முன்னால் குச்சி. அந்தச் சரிவில் எந்த வண்டியும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. எஞ்சினுக்கு வலு இருந்தது. பாரம்தான் தப்பான இடத்தில் இருந்தது.

"நீ போ. நான் ஓடி வந்துடறேன்" என்றான்.

"இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஓடுவாராம்! முன்னால உக்காருங்க."

"என்னது?"

"நீங்க முன்னால. டேங்க் மேல உக்காருங்க. ஹாண்டில் மேல சாஞ்சுக்கோங்க. நான் பின்னால தொத்திக்கிறேன்."

டேங்க் மேல் உட்கார்ந்து, நெஞ்சை ஹாண்டில்பாரில் அழுத்தி, மூக்கு முன்சக்கரத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்தான். அவள் சீட்டின் நுனியில் கால்களை மடக்கி, அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். பிட்டத்தை வலதும் இடதும் நகர்த்தி, பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கிற இடத்தைத் தேடினாள். ஆக்ஸிலரேட்டர் இப்போது அவன் கையில்.

"முறுக்காதீங்க. மெதுவா. அதுவே ஏறும்."

அதுவே ஏறியது.

முன்சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. பட்டன் டயர் சரளையைக் கவ்விக் கவ்வித் துப்பியது. நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் நிற்கவில்லை. இருவர் பாரத்தோடு, நெட்டுக்குத்தான பிளவில், அந்தச் சின்ன எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டு போனது. ஓரிடத்தில் பிளவு குறுக்கே வாய் பிளந்திருந்தது. இருவரும் குதித்து இறங்கினார்கள். அவன் முன்னால் தூக்கினான், அவள் பின்னால் தூக்கினாள். வண்டி தாண்டியது. மறுபடி ஏறித் தொத்தினார்கள்.

பாதை திரும்பும் இடத்தில் பாறை ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுச் சுவர் அகலம் இருக்கும்.

"அதுக்குப் பின்னால! பின்னால விடுங்க!"

வண்டியோடு சேர்ந்து பாறைக்குப் பின்னால் விழுந்தார்கள். அவன் அவள் தலையைத் தன் மார்புக்குள் அமுக்கி மேலே கவிழ்ந்துகொண்டான். மூச்சு விட முடியவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

பூமி ஒரு தரம் எகிறி விழுந்தது.

முதலில் சத்தம். பிறகு காற்று. பிறகு கல் மழை. பாறையின் அந்தப் பக்கம் மோதியவை மோதின. தலைக்கு மேலே பறந்தவை பறந்தன. அடுத்த குழி, அதற்கடுத்த குழி என்று வரிசையாக வெடித்தது. கீழே முகப்பு பெருமூச்சு விட்டது போலச் சரிந்து கீழ்த்தட்டை மூடியது. பம்புக் கொட்டகை இருந்த மூலை வெள்ளைத் தூசியில் காணாமல் போனது.

கடைசிக் கல்லும் விழுந்து ஓய்ந்தது.

"ஏங்க."

அவன் தோளைத் தட்டினாள்.

"ஏங்க!" பதறிப்போய் அவனைப் புரட்டினாள். முகம் மாவில் முக்கியது போலிருந்தது. அதில் இரண்டு கண்கள் திறந்தன.

"காது கேக்கலை" என்றான் ஊருக்கே கேட்கிற குரலில். "அடி எங்கயும் இல்ல. உனக்கு?"

தலையை ஆட்டினாள். முட்டியைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்து, தன் துண்டை எடுத்து, அதில் இருந்த சேற்றைப் பார்த்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டான்.

"வண்டியைத்தான் பார்த்தேங்க" என்றாள். "உங்க வண்டி மேல நின்னுச்சு. நீங்களும் மேல இருக்கீங்கன்னு நெனச்சேன். தகரத்தைத் தட்டலை. நான்தான் கொடியைக் காட்டினேன்."

"என்ன?"

அவள் மறுபடி சொல்லவில்லை. வண்டியை நிமிர்த்தினாள்.

தூசி அடங்குவதற்குள் மேலே வந்து சேர்ந்தார்கள். விளிம்பில் எல்லோரும் நின்றார்கள். பழைய பாதையின் தலைப்பில் முதலில் எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு ஹாண்டில்பார் மேல் கவிழ்ந்த ஒரு பெரிய உடம்பு தெரிந்தது, பிறகு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டடைக் குச்சி. மேனேஜர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வெடிக்காரர் கிட்டே வந்து, பம்பை அடிக்கக் கை ஓங்கி, அதே கையால் அவன் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"தப்பு என்னோடது" என்றார் மேனேஜர். "நான் அவர் வண்டியை எடுத்திருக்கக் கூடாது."

"வண்டியை எடுத்தது தப்பு இல்ல சார்" என்றாள் ரவுண்டு. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "நான் ஆளைப் பார்க்கலை. வண்டியைப் பார்த்துக் கொடியை ஆட்டிட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல. இத்தனை நாளும் அப்படித்தான்."

வெடிக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "அதே வண்டியைப் பார்த்துத்தானேம்மா நானும் பத்தவைக்கிறேன்."

"என்ன சொல்றா?" என்று பம்பு எல்லோரையும் பார்த்துக் கத்தினான். "யாராவது சத்தமாச் சொல்லித் தொலைங்களேன்!"

வெடிக்குப் பிறகும் ஒருதரம் கணக்குப் பார்க்க வேண்டும். கொட்டகைப் பக்கம் திரும்பின தன் கண்ணை அவள் இழுத்துக்கொண்டாள். வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, கிட்டே போய், ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். துளை போடுகிறவர்கள் இருவர். லோடர்காரர். டிராக்டர்காரர். வெடிக்காரர். மேனேஜர் எழுந்து நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்தார்.

புருஷன் தோளில் கை வைத்தபோது எண் மறந்துபோயிற்று. முதலிலிருந்து தொடங்கினாள்.